ஆர்வி-7 கட்டப் போகிறேன், சரிதானே?

12 நவம்பர் 2023, இரவு 8.40
(கேள்வி)

அண்ணே, தீபாவளி வாழ்த்துகள். எனக்கு 34 வயது, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மாமா பெர்த்தில் இருப்பதால் தனியார் விமானி உரிமத்தை ஜண்டகோட்டில் எடுத்தேன். இப்போது சொந்தமாக ஒரு விமானம் கட்டப் போகிறேன். ஆர்வி-7 என்ற கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பொருத்துவது) என்று முடிவும் பண்ணிவிட்டேன். வேகம் இருக்கிறது, வானத்தில் குட்டிக்கரணம் போடலாம், ஆயிரக்கணக்கில் பறக்கிற குடும்பம். வாலை இங்கே வீட்டிலேயே ஓர் அறையில் கட்டிவிட்டு, மிச்சத்தை மாமா வீட்டு கராஜில் முடிக்கலாம் என்று திட்டம். பிறகு சிங்கப்பூருக்கே ஓட்டி வந்து சிலேத்தாரில் நிறுத்தலாமா? சரிதானே அண்ணே?

12 நவம்பர், இரவு 11.55

சரியில்லை. முறுக்கு ஒரு கையில், போன் ஒரு கையில். விவரம் நாளைக்கு. அதுவரை ஒன்று: ரிவெட் கன்னை (தகடுகளை ஆணி அடித்து இணைக்கும் கருவி) வீவக வீட்டில் எடுக்காதீர்கள். பத்தாவது ரிவெட்டுக்குள் கீழ்வீட்டு ஆன்ட்டி வாசலில் நிற்பார்.

13 நவம்பர்

ஆர்வி-7ஐக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. நான் சரியில்லை என்றது உங்கள் கேள்வியை. விமானத்தைப் பற்றி மூன்று காரணம் சொன்னீர்கள். எங்கே பறப்பீர்கள், யாரோடு, எந்த ஓடுபாதையிலிருந்து என்று ஒரு வரி இல்லை.

எனக்கும் இது நடந்தது. 2009இல் லாங்-ஈஸி மேல் பைத்தியம். முன்னால் குட்டி இறக்கை, பின்னால் புரொப்பெல்லர், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதை வடிவமைத்த பர்ட் ரூட்டன் 1985இலேயே பிளான் விற்பதை நிறுத்திவிட்டதால் ஒருவரிடம் பழைய பிளானை வாங்கினேன். சுங்கை காடுட்டில் நண்பரின் மரச்சாமான் பட்டறையில் ஒரு மூலை கிடைத்தது. நுரைக் கட்டியைச் சூட்டுக் கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்து, மேலே கண்ணாடி இழையைப் போட்டு எப்பாக்சி பசை பூசுவதுதான் வேலை.

பட்டறையில் 31 டிகிரி. ஒரு நாள் காகிதக் கோப்பையில் எப்பாக்சியைக் கலந்து வைத்தேன், போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் கோப்பை புகைகிறது. தொட்டால் கை சுடுகிறது. குச்சி நடுவில் நட்டபடி இறுகிவிட்டது. அந்தக் கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது, பேனா நிறுத்த. மழை நாளில் வேறு தொல்லை: காய்ந்த பூச்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம். வெந்நீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைதான். கதை முடிந்தது இரண்டு இடத்தில். முதலாவது என் மனைவி. ஆஸ்திரேலியாவில் ஒருவருடைய லாங்-ஈஸியின் பின்னிருக்கையில் உட்கார வைத்தேன். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு மணி நேரமும் ஒங்க பின்மண்டையத்தான் பாத்துக்கிட்டு வரணுமா?" என்றார். இரண்டாவது, நார்த்தம் பக்கம் என் சித்தப்பா மகன் வைத்திருக்கும் ஓடுபாதை. அது சரளை. லாங்-ஈஸிக்குச் சின்னச் சக்கரம், புரொப்பெல்லர் பின்னால். சக்கரம் கிளப்புகிற கல்லெல்லாம் நேரே புரொப்பெல்லருக்குப் போகும். நான் பறக்கப் போகிற ஒரே ஓடுபாதை அது. அதை யோசிக்காமலே இரண்டு வருடம் நுரை அறுத்திருக்கிறேன்.

14 நவம்பர்

விட்டுப்போனது: வெயில். கடல்மட்டத்தில் தரநிலை வெப்பம் 15 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று மெலிந்து, 60 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதாக விமானம் நினைத்துக்கொள்ளும். பெர்த்தில் ஜனவரி மதியம் 40 டிகிரி என்றால் 1,500 அடி. விளம்பரத்தில் போட்டிருக்கும், எழும்ப ஓட வேண்டிய தூரம் குளிர்நாட்டுக் காலை நேரத்துக்கானது.

14 நவம்பர், இரவு

ஒருவர் பிடித்துவிட்டார். 60 இல்லை, ஏறத்தாழ 120 அடி. அப்படியானால் 40 டிகிரியில் 3,000 அடி. நம்ம ஊர் 32 டிகிரிக்கே 2,000 அடிக்கு மேல். எந்நேரமும் விமானத்தோடு இருக்கிற வேலையை வைத்துக்கொண்டு இப்படி எழுதினேன். வெட்கம்தான்.

18 நவம்பர்

தம்பி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். நல்லார்பர் சமவெளியைத் தாண்டி அடிலெய்ட், வடக்கே புரூம், வார இறுதியில் குட்டிக்கரணம். படிக்க நன்றாக இருக்கிறது. நான் கேட்டது இதை இல்லை தம்பி. உங்கள் லாக்புக்கை (பறத்தல் பதிவேடு) திறந்து கடைசி இருபது பறத்தல்களை எழுதுங்கள். தூரம், பக்கத்தில் யார், ஏன் போனீர்கள். வாடகை செஸ்னாவில் போனதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆசையைக் கேட்டால் எல்லோரும் புரூம் என்பார்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். லாங்-ஈஸியை விட்டபிறகு சித்தப்பா மகனோடும் அவர் நண்பரோடும் சேர்ந்து ஜெனித் சிஎச் 701 கட்டினோம். தகர டப்பா மாதிரி இருக்கும். தடித்த இறக்கை, முன் ஓரத்தில் நிரந்தரப் பிளவு, 30 நாட் வேகத்துக்குள் இறங்கிவிடும் (நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், 1.85 கிலோமீட்டர்). 2016இலிருந்து நான் ஓட்டியது 52 தடவை. அதில் 41 இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பியவை. பாதிக்கு மேல் ஒரே காரணம்: வேறு ஓடுபாதையில் இறங்கிக் கோப்பி குடிப்பது.

இப்போது வேகக் கணக்கு. ஜண்டகோட்டிலிருந்து ராட்னெஸ்ட் தீவு 18 நாட்டிகல் மைல். 165 நாட்டில் போகும் ஆர்வி-7க்கு ஆறரை நிமிடம். 115 நாட்டில் அதே குடும்பத்து ஆர்வி-12க்கு ஒன்பதரை. எங்கள் 70 நாட் டப்பாவுக்குப் பதினைந்தரை. ஒன்பது நிமிட மிச்சத்துக்கு இரண்டு மடங்கு பெட்ரோல் குடிக்கிற எஞ்சின். அதே ஆட்டம் ஆல்பனிக்கு, ஏறத்தாழ 200 நாட்டிகல் மைல்: ஆர்வி-7 ஒன்றே கால் மணி நேரத்துக்குள், நாங்கள் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்காற்று 25 நாட் வந்தால் ஆர்வி-7க்கு இன்னொரு பதின்மூன்று நிமிடம். எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆகும், அதற்குள் பெட்ரோல் தீரும், நடுவில் இறங்க வேண்டும். ஒருமுறை நெடுஞ்சாலையில் ஒரு லாரி எங்களை முந்திப் போனதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆக, உங்கள் இருபதில் ராட்னெஸ்ட் எத்தனை, ஆல்பனி எத்தனை?

19 நவம்பர்

மேலே எழுதியதில் எங்கள் 701க்கு வக்காலத்து வாங்குகிற வாடை அடிக்கிறது. நேர்மையாகச் சொன்னால், கோடை மதியங்களில் அது எனக்குப் பிடிக்காது. பெர்த்தில் பிற்பகல் கடற்காற்று வரும், ஃப்ரீமேண்டில் டாக்டர் என்று செல்லப் பெயர். ஓடுபாதைக்குக் குறுக்கே அது அடிக்கும்போது எடை குறைந்த, இறக்கை பெரிதான விமானம் பட்டம் மாதிரி ஆகும். இரண்டு தடவை இறங்காமல் வேறு இடம் போயிருக்கிறேன். எடை கூடிய ஆர்வி இதைவிட நன்றாகத் தாங்கும்.

ஆனால் எஞ்சின் நின்றால் 701 போதும் என்பேன். ஆர்வி-7 ஏறத்தாழ 50 நாட்டில் ஸ்டால் ஆகும், அதாவது அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தூக்காது. எங்களுடையது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கம் என்று பள்ளியில் படித்தோமே, வேகம் பாதியானால் ஆற்றல் கால். புதர்க்காட்டுக்குமேல் பறக்கிறவனுக்கு அந்தக் காலும் முக்காலும் ரொம்பப் பெரிய விஷயம்.

21 நவம்பர்

உங்கள் விமானம் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்ட பெண்மணிக்கு. எங்கள் 701இன் உச்ச எடை 500 கிலோ. எங்கள் தராசில் வெற்று எடை 288. கிட் விளம்பரத்தில் இதைவிடக் குறைவாக இருந்தது. பெயிண்ட், ரேடியோ, நல்ல இருக்கை என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் ஏற்றினோம். மிச்சம் 212. நானும் மனைவியும் சேர்ந்து 160 (இதில் என் பங்கைக் கேட்காதீர்கள்). மிச்சம் 52. நாற்பது லிட்டர் பெட்ரோல் 29 கிலோ. ஆக 23 கிலோ கையில். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் மணிக்குப் பதினெட்டு லிட்டர் பக்கம் குடிக்கும், அவசரக் கையிருப்பைக் கழித்தால் ஒன்றரை மணி நேரப் பறப்பு. டேங்கை இன்னும் நிரப்பினால் பை குறையும். கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று கனவு கண்டவர்கள் இந்தக் கழித்தலை முதலில் போட்டுப் பாருங்கள். டிசைன் தேர்வில் பாதி வேலை கழித்தல் கணக்குதான்.

26 நவம்பர்

சிலேத்தார் கேள்வியை மறக்கவில்லை, வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன்.

சொந்தமாகக் கட்டிய விமானத்துக்குக் கிடைப்பது எக்ஸ்பெரிமெண்டல் சான்று. ஒரு நாடு தன் எல்லைக்குள் தன் பொறுப்பில் கொடுப்பது. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கேட்கிற முழு வான்தகுதிச் சான்றுக்கு இது ஈடாகாது. அதனால் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு நாட்டிடமும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு இது பெரிய பாரமில்லை, அவருக்கு ஒரு கண்டமே உள்நாடு. நம் ஊர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சிலேத்தாரில் எழும்பி வடக்கே திரும்பினால் சில நிமிடத்தில் ஜோகூர், தெற்கே திரும்பினால் பாத்தாம். இங்கே ஒரு கோப்பி குடிக்கப் பறப்பதும் வெளிநாட்டுப் பயணம். 165 நாட் விமானத்தை வைத்துக்கொண்டு தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பத்து நிமிடம். அப்புறம்?

பெர்த்திலிருந்து ஓட்டி வருவது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஜான் ஜோஹன்சன் என்ற அடிலெய்ட்காரர் தானே கட்டிய ஆர்வி-4இல் உலகத்தையே சுற்றி வந்தவர். 2003 டிசம்பரில் தென்துருவத்துக்கு மேலே பறந்தார். பெட்ரோல் போதாமல் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ தளத்தில் இறங்கினார், அங்கே இருந்தவர்கள் விற்க மறுத்தார்கள். இன்னொரு விமானி தனக்கென வைத்திருந்ததைக் கொடுத்ததால்தான் ஜோஹன்சன் திரும்பினார். அவர் வழி தனி.

விமானம் தூங்குகிற இடம் ஆஸ்திரேலியா என்று ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு டிசைன் பேசலாம்.

6 டிசம்பர்

செய்தி பார்த்திருப்பீர்கள். ஆர்வி கிட் செய்யும் வேன்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் சாப்டர் 11 பாதுகாப்புக் கேட்டிருக்கிறது. லேசரில் வெட்டிய பாகங்களில் துளை ஓரத்து விரிசல் பற்றிய பேச்சு சில மாதமாகவே ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எனக்கு ஏழு குறுஞ்செய்தி, "ஆர்வி செத்துவிட்டதா?" என்று. இல்லை. சாப்டர் 11 என்றால் கடையை மூடுவது இல்லை, கடனைச் சீரமைக்க அவகாசம்.

இதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழு கிட்டுக்கு ஒரே தடவையில் பணம் கட்டாதீர்கள். வால், இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாக வாங்கலாம். எழுபதுகளில் ஜிம் பீடின் பிடி-5க்கு ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். பலருக்கு எஞ்சின் வரவே இல்லை, நிறுவனம் திவாலானது. ரொம்ப அழகான குட்டி விமானம் அது. அழகுதான் எல்லோரையும் கெடுத்தது.

9 டிசம்பர்

ரிவெட் பற்றி முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். ரிவெட்டில் இரண்டு வகை. ஆர்வி-7இல் பெரும்பாலும் கெட்டி ரிவெட்: ஒருவர் கன்னால் அடிக்க, மறுபக்கம் இன்னொருவர் இரும்புக் கட்டியைப் பிடிக்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கி சுட்டது மாதிரி சத்தம். ஜெனித், ஆர்வி-12 இரண்டிலும் பெரும்பாலும் இழு ரிவெட்: ஒரு பக்கத்திலிருந்தே ஒருவர் இழுத்துவிடலாம், "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆக, இழு ரிவெட் என்றால் வாலை வீட்டில் கட்டலாம். கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இறக்கையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். ஒற்றை இறக்கை பத்தடிக்கு மேல் இருக்கும், லிஃப்டில் நுழையாது. அளந்து பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? 2010இல், எங்கள் புளோக்கில், சுருட்டு டேப்பை வைத்துக்கொண்டு. லிஃப்டில் இருந்த தாத்தா அலமாரி வாங்குகிறாயா என்றார். ஆமாம் என்றேன்.

20 டிசம்பர்

நாலு நாளாக மழை. வீட்டில் உட்கார்ந்து பழைய விபத்து அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன், மனைவிக்குப் பிடிக்கவில்லை.

தம்பி தனியாகக் கேட்டது: "ஆர்வி-9 எடுத்து, டேங்கைப் பெரிதாக்கி, கொஞ்சம் வலுப்படுத்தினால் கரணமும் போடலாமா?" கூடாது. 9க்கு இறக்கையே வேறு, மெதுவாக இறங்கவும் நிதானமாகப் பயணிக்கவும் செய்தது, கரணத்துக்கு இல்லை. கரணம் வேண்டுமென்றால் 7 வாங்குங்கள். ஒரு டிசைனை வாங்கிவிட்டு அதை இன்னொன்றாக மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது ஒரு லாங்-ஈஸியில். பிளானில் பெட்ரோல் டேங்க் மாற்றும் பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். டென்வர் அதை வாங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. திரும்பிப் பிடியைத் தேடும்போது கால் தவறுதலாக வலது ரடர் மிதியை (விமானத்தின் மூக்கைத் திருப்புவது) அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணை முடிவு. சுங்கை காடுட் பட்டறையில் அந்த அறிக்கையைத்தான் சுவரில் ஒட்டியிருந்தேன். என் பிளானில் நான் பென்சிலால் போட்டிருந்த மூன்று "மேம்பாடுகளையும்" அன்றே அழித்தேன்.

21 டிசம்பர்

கட்டியதை வாங்கக் கூடாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாராளமாக. பறக்கத்தான் ஆசை என்றால் வாங்குவதே புத்தி, கட்டுகிற செலவுக்கும் குறைவாகவே கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் கட்டியவருக்குத் தன் விமானத்தைத் தானே ஆண்டுச் சோதனை செய்யச் சான்று கிடைக்கும், வாங்கியவருக்கு அது வராது. மற்ற நாட்டு விதியை அந்தந்த ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

15 ஜனவரி 2024

பொங்கலோ பொங்கல். தம்பி லாக்புக் பட்டியலை அனுப்பிவிட்டார்! இருபதில் பதின்மூன்று ராட்னெஸ்ட், செர்பன்டைன் மாதிரி பக்கத்து இடங்கள். நான்கு பஸ்ஸல்டன். இரண்டு ஆல்பனி. ஒன்று மழையால் பாதி வழியில் திரும்பியது. கரணம்: பூஜ்யம். பத்தொன்பதில் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்திருக்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஆர்வி-12 தெரிகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கை, இழு ரிவெட், ரோட்டாக்ஸ் எஞ்சின், உச்ச எடை 600 கிலோவுக்குள். இரண்டு பேர் சேர்ந்தால் சில நிமிடத்தில் இறக்கையைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றலாம், ஹேங்கர் வாடகை மிச்சம். ஆல்பனிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், பொறுத்துக்கொள்ளலாம். சரளையில் அதிகம் இறங்குவதாக இருந்தால் மட்டும் எங்கள் டப்பா.

ஆனால் என் பேச்சைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள். செர்பன்டைனில் சொந்தமாகக் கட்டுகிறவர்களின் கழகம் இருக்கிறது, போய் ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். வீட்டுக்காரம்மாவையும் உட்கார வையுங்கள்.

28 ஜனவரி

தைப்பூசத்தை ஒட்டி விடுப்பு எடுத்து, தம்பி செர்பன்டைன் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். ஆர்வி-12இல் அவருக்கு முழங்கால் இடிக்கவில்லை. மனைவிக்கும் பிடித்துவிட்டது. எல்லாம் சொல்லி முடித்து, கடைசி வரியில்: "ஜூலையில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அதனால் மூன்று பேருக்கு எது நல்லது அண்ணே?"

தம்பி! நவம்பரிலிருந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் வாழ்த்துகள். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு இருக்கை என்றால் கணக்கே வேறு. ஆர்வி-10 அருமையானது, ஆறு சிலிண்டர் 260 குதிரைசக்தி, விலையும் அதற்கேற்ப. ஆலப்புழைக்காரர் ஒருவர் பொதுமுடக்க காலத்தில் இங்கிலாந்தில் கட்டி, குடும்பத்தோடு பறந்தாரே, நம்ம ஊர் தொலைக்காட்சியெல்லாம் காட்டியது, அது தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ, அதுவும் நாலு இருக்கை. இரண்டும் 600 கிலோவைத் தாண்டும். மறுபடி கழித்தல் போட வேண்டும்.

இல்லையென்றால் இன்னொரு கணக்கு. ஆர்வி-12க்கு ஏறத்தாழ 800 மணி நேர வேலை. நீங்கள் பெர்த் போவது வருடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு வாரம், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 147. வாலை ஈசூனில் முடித்தாலும் ஐந்து வருடம். அதற்குள் பாப்பா பள்ளிக்கூடம் போய்விடும், இரண்டாவது இருக்கை யாருக்கு என்று வீட்டில் சண்டை வரும்.

29 ஜனவரி

மனைவி படித்துவிட்டு இதையும் எழுதச் சொன்னார். ஃப்ரீமேண்டிலிலிருந்து ராட்னெஸ்டுக்குப் படகு போகிறது. அரை மணி நேரம். மூன்று பேரும் சேர்ந்து உட்காரலாம், பையை நிறுத்துப் பார்க்க மாட்டார்கள்.